எஸ் டிரைவ் யாருடையது?

முன்குறிப்பு: நான் பி.காம். மாணவன். கம்ப்யூட்டர் படித்தவர்கள் இதில் தொழில்நுட்பத் தவறு எதையாவது கண்டால் திட்டாமல் எடுத்துச் சொல்லவும். :-) நான் பேச வந்தது கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் இல்லை. கணக்கைப் பற்றியும்தான்.

"தம்பி, எஸ் டிரைவ் வரலப்பா. கொஞ்சம் வந்து பாரேன்."

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு மாதம் பயிற்சிக்குப் போயிருந்தேன். அங்கே நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். காலையில் எல்லோரும் வந்து உட்கார்ந்து பாஸ்வேர்டு போடுவார்கள். பன்னிரண்டு கம்ப்யூட்டர்களில் நாலைந்திலாவது எஸ் டிரைவ் மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி நிற்கும். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதை இரண்டு முறை கிளிக் செய்வது. பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும். அதனால் சேர்ந்த மூன்றாம் நாளே எனக்கு "கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன்" என்று பட்டம் கொடுத்துவிட்டார்கள். இவ்வளவு மலிவாக ஒரு பட்டம் கல்லூரியில் கூடக் கிடைக்காது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அலுவலகத்தின் பொதுவான கோப்புகள் எல்லாம் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும். அதை சர்வர் என்பார்கள். அதில் உள்ள ஒரு ஃபோல்டரை மற்றவர்கள் தங்கள் கம்ப்யூட்டரில் ஒரு எழுத்து கொடுத்து டிரைவ் போலப் பார்க்கலாம். சி டிரைவ் உங்கள் பெட்டிக்குள் இருக்கிறது. எஸ் டிரைவ் வேறொரு பெட்டியில் இருக்கிறது, ஆனால் உங்களுடையது போலவே தெரிகிறது. இதற்கு மேப் செய்வது என்று பெயர். லாகின் செய்தவுடன் யாரும் எதுவும் செய்யாமல் அந்த டிரைவ் தானாக வந்து நிற்க வேண்டும். அதுதான் ஆசை.

பழைய காலத்து அலுவலகம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் அட்டெண்டர் பீரோவைத் திறந்து, அவரவர் மேசையில் அவரவர் லெட்ஜரை எடுத்து வைப்பார். கேஷியர் மேசையில் கேஷ் புக், கொள்முதல் குமாஸ்தா மேசையில் பர்ச்சேஸ் புக். லாகின் செய்யும்போது ஓடுகிற ஸ்கிரிப்ட் செய்வது இதே வேலைதான்.

இது புது விஷயமும் இல்லை. 1980களில் நாவெல் நெட்வேர் என்று ஒன்று இருந்தது. அதில் லாகின் ஸ்கிரிப்ட் எழுதி, மேப் என்ற கட்டளையால் எஃப் டிரைவில் தொடங்கி வரிசையாக டிரைவ்களைக் கொடுப்பார்கள். பிறகு விண்டோஸ் என்டி வந்தது. நெட்லாகான் என்ற பொது இடத்தில் ஒரு பேட்ச் ஃபைலைப் போட்டு, அதில் நெட் யூஸ் என்ற கட்டளையை எழுதினால் போதும். விண்டோஸ் 2000 உடன் ஆக்டிவ் டைரக்டரியும் குரூப் பாலிசியும் வந்தன. விண்டோஸ் சர்வர் 2008 வந்தபோது ஸ்கிரிப்டே எழுதாமல், "இந்தக் குழுவில் இருப்பவருக்கு இந்த டிரைவ்" என்று பட்டியலில் டிக் அடித்தே செய்யும் வசதியும் கூடவே வந்துவிட்டது. ஆக அட்டெண்டர் மிகவும் புத்திசாலியாகிவிட்டார். நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. எந்த மேசையில் எந்த லெட்ஜர் என்று அட்டெண்டரிடம் சொன்னது யார்?

அதற்கு முன்னால், இது தானாக வராவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் "கையாலேயே செஞ்சுக்கலாமே, இதுக்கு எதுக்கு இவ்வளவு அலட்டல்" என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் அலுவலகத்தில் சர்வர் என்று அழைக்கப்பட்டது மூலையில் இருந்த ஒரு சாதாரண கம்ப்யூட்டர். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் யாரோ எப்போதோ கையால் மேப் செய்து, "அடுத்த முறையும் இணைக்கவும்" என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தார்கள். ஒருவருக்கு எஸ், இன்னொருவருக்கு இசட். "எஸ் டிரைவ்ல மூணாவது ஃபோல்டர் பாருங்க" என்று போனில் சொன்னால் மறுமுனையில் எஸ் டிரைவே இருக்காது. இது போதாதென்று பல நாள் காலையில் மற்ற கம்ப்யூட்டர்கள் எல்லாம் போட்ட பிறகுதான் மூலையில் இருந்ததைப் போடுவார்கள்! பீரோ சாவி வருவதற்கு முன்பே லெட்ஜர் கேட்டால் எங்கிருந்து வரும்? சர்வர் போட்டிருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. எக்ஸ்பி காலத்திலிருந்தே விண்டோஸ் சீக்கிரம் திரையைக் காட்டிவிட வேண்டும் என்று நெட்வொர்க் தயாராகும்வரை காத்திருக்காமல் உள்ளே விட்டுவிடும். நெட்வொர்க் வருவதற்குள் இணைக்கும் முயற்சி முடிந்து போயிருக்கும். கொஞ்ச நேரம் கழித்துக் கிளிக் செய்தால் வந்துவிடும். என் வைத்தியத்தின் ரகசியம் அவ்வளவுதான்.

டிரைவ் வரவில்லை என்றால் மனிதர்கள் வேலையை நிறுத்த மாட்டார்கள். அதுதான் ஆபத்து. ஜிஎஸ்டிஆர்-1 மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்குக் கடைசி நாள் அடுத்த மாதம் 11ஆம் தேதி. 9ஆம் தேதி காலை ஓர் அண்ணனுக்கு எஸ் டிரைவ் வரவில்லை. முந்தின நாள் மெயிலில் அனுப்பியிருந்த எக்செல் ஷீட்டை டெஸ்க்டாப்பில் இறக்கி அதில் வேலையைத் தொடர்ந்தார். மதியம் டிரைவ் வந்துவிட்டது. அதில் இருந்த ஷீட்டில் இன்னோர் அக்கா சில பில்களைச் சேர்த்திருந்தார். 10ஆம் தேதி மாலை எங்களிடம் இரண்டு ஷீட். ஒன்றின் பெயர் "ஃபைனல்". இன்னொன்றின் பெயர் "ஃபைனல் புதுசு". எது புதுசு என்பது யாருக்கும் தெரியாது. :-(

போனது டெஸ்க்டாப் ஷீட். அதில் இல்லாத பில்கள் விடுபட்டுப் போயின. விற்றவர் ஜிஎஸ்டிஆர்-1இல் காட்டாத பில், வாங்கியவரின் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் வராது. அங்கே வராவிட்டால் அவர் கட்டிய வரிக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது. 2022 ஜனவரி 1 முதல் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. அந்தப் பட்டியல் 14ஆம் தேதி வந்ததும் வாங்கிய வியாபாரி எங்கள் கட்சிக்காரருக்குப் போன் செய்து கத்தினார். கட்சிக்காரர் எங்கள் ஆடிட்டர் சாருக்குப் போன் செய்தார். அடுத்த மாத ரிட்டர்னில் சேர்த்துச் சரி செய்தோம். ஆனால் ஒரு மாதம் ஒரு சிறு வியாபாரியின் பணம் முடங்கியது. எல்லாம் ஒரு டிரைவ் காலையில் வராததால்.

அன்று எனக்குப் புரிந்தது. லாகின் செய்ததும் பொது ஃபோல்டர் தானாக வருவது சொகுசு இல்லை. "நம் கணக்கு ஒரே இடத்தில்தான் இருக்கிறது" என்பதை எல்லோரும் நம்புவதற்கு அதுதான் அடிப்படை. அது வராத நாளில் அமைதியாக இருக்காமல் திரையில் பெரிதாக "பொது டிரைவ் இணையவில்லை, வேலையைத் தொடங்காமல் இன்னாரிடம் சொல்லவும்" என்று ஸ்கிரிப்ட் கத்த வேண்டும். இரண்டு வரி எழுதும் வேலை. அதை எழுதாததற்கு ஒரு மாதம் தண்டம் கட்டினோம்.

சார் கோபத்தில் உடனே ஒரு நிஜமான சர்வர் வாங்கிவிட்டார். பைக்கில் வந்து போகும் சிஸ்டம் அண்ணன் ஒருவர் இரண்டு நாள் உட்கார்ந்து டொமைன் அமைத்தார், எல்லோருக்கும் தனித்தனி பெயர் கொடுத்தார், ஸ்கிரிப்ட் எழுதினார். திங்கட்கிழமை காலை எல்லோர் திரையிலும் வரிசையாக நான்கு டிரைவ்கள். சிவப்புக் குறி இல்லை. ஒரே கைதட்டல்.

என் திரையிலும் நான்கு டிரைவ்கள்.

எஸ் எனக்குத் தெரியும். டி என்பது டாலி டேட்டா. மற்ற இரண்டும் என்ன என்று பார்க்க பி டிரைவைத் திறந்தேன். "சம்பளம்" என்று ஒரு ஃபோல்டர். யாருடைய ரகசியத்தையும் தோண்ட வேண்டும் என்று நினைத்துத் திறக்கவில்லை. கண் முன்னால் இருந்தது, திறந்துவிட்டேன். பன்னிரண்டு பேரின் சம்பளமும் அதில் இருந்தது. எனக்கு வவுச்சர் சரிபார்க்கச் சொல்லிக் கொடுத்த அக்கா அங்கே பத்து வருடமாக இருக்கிறார். முந்தைய வருடம் சேர்ந்த ஒருவரைவிட அவருக்குக் குறைவு. மூடிவிட்டேன். ஆனால் அன்று மதியம் அந்த அக்கா "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவருக்கே தெரியாத ஒரு விஷயம், இரண்டு மாதம் மட்டும் இருக்கப் போகிற எனக்குத் தெரியும். அதை நான் தேடிப் போகவில்லை. அட்டெண்டர் என் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

சிஸ்டம் அண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன். "அண்ணே, எனக்கு எதுக்கு நாலு டிரைவும்?"

"எல்லாருக்கும் எல்லாம் போட்டுட்டா, எனக்கு இது வரல அது வரலன்னு யாரும் போன் பண்ண மாட்டாங்கல்ல தம்பி."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. யாருக்கு எது வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்டாலும் "எல்லாத்தையும் போடுங்க" என்றுதான் சொல்லியிருப்பார்கள். என் கருத்து இங்கேதான் தொடங்குகிறது. ஸ்கிரிப்ட் எழுதுவது சிஸ்டம் ஆட்களின் வேலை. அதற்குள் இருக்கிற பட்டியலை எழுதுவது அவர்கள் வேலை இல்லை. அது நிர்வாகத்தின் வேலை, நம்மைப் போல காமர்ஸ் படித்தவர்களின் வேலை.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். டிரைவ் எழுத்து தெரிவது வேறு, உள்ளே போக அனுமதி இருப்பது வேறு. பி டிரைவ் என் திரையில் தெரியாமல் செய்துவிட்டால் மட்டும் போதாது. சர்வரின் பெயரைத் தட்டினால் அங்கே என்னென்ன பகிரப்பட்டிருக்கிறது என்று காட்டிவிடும், அனுமதி இருந்தால் திறக்கும். ஆகவே உண்மையான பூட்டு சர்வரில் இருக்கிறது. அதிலும் இரண்டு பூட்டு. பகிர்வுக்கு ஒன்று, ஃபோல்டருக்கு ஒன்று. இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும். லெட்ஜரை மேசையில் வைக்காவிட்டாலும் பீரோ திறந்தே கிடந்தால் என்ன பிரயோஜனம்?

"அட, பார்த்தா என்ன, நம்ம பையன்தானே" என்பீர்கள். பார்ப்பது மட்டும் பிரச்சினை இல்லை. 2013 செப்டம்பரில் கிரிப்டோலாக்கர் என்ற வைரஸ் பரவத் தொடங்கியது. மெயிலில் வந்த இணைப்பை ஒருவர் திறந்தால், அவர் கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். அதோடு நிற்காது, அவருக்கு மேப் செய்திருக்கும் டிரைவ்களுக்குள்ளும் போய்ப் பூட்டும். 2016இல் வந்த லாக்கி அதற்கும் ஒருபடி மேலே போய், மேப் செய்யாத பகிர்வு ஃபோல்டர்களையும் தேடிப் போனது. அதற்குத் தனி அனுமதி தேவையில்லை. திறந்தவரின் அனுமதியே அதன் அனுமதி. நான் ஒரு தவறான மெயிலைத் திறந்திருந்தால் பன்னிரண்டு பேரின் உழைப்பும் கட்சிக்காரர்களின் கணக்கும் பூட்டப்பட்டிருக்கும். இரண்டு மாதப் பயிற்சிக்கு வந்தவனுக்கு டாலி டேட்டாவை அழிக்கும் அதிகாரம் எதற்கு?

பெரிய இடங்களிலும் இந்தச் சோம்பல் இருந்திருக்கிறது. மேலே சொன்ன 2008 வசதியில், டிரைவை இணைக்கும்போது ஒரு பெயரும் பாஸ்வேர்டும் சேர்த்து வைத்துக்கொள்ள ஒரு கட்டம் இருந்தது. அந்த பாஸ்வேர்டு ஒரு கோப்பில் மறைக்கப்பட்டு, நெட்வொர்க்கில் லாகின் செய்கிற எவரும் படிக்கக்கூடிய ஃபோல்டரில் உட்கார்ந்திருந்தது. மறைத்ததைத் திறக்கும் சாவியை மைக்ரோசாஃப்டே தன் தொழில்நுட்ப ஆவணத்தில் வெளியிட்டிருந்தது! 2014 மே மாதம் எம்எஸ்14-025 என்ற திருத்தம் வந்து அந்தக் கட்டத்தை அடைத்தது. ஆனால் அதற்கு முன் எழுதி வைத்த பாஸ்வேர்டுகளை அது அழிக்கவில்லை, அவரவர்தான் தேடி அழிக்க வேண்டியிருந்தது. வசதிக்காக எழுதி வைத்ததைத் திரும்பிப் பார்க்காவிட்டால் நடப்பது இதுதான்.

நம் பாடத்துக்கு வருவோம். ஆடிட்டிங் பேப்பரில் உள் சரிபார்ப்பு என்று படிக்கிறோமே. பணம் வாங்குபவர் கேஷ் புக் எழுதக் கூடாது, பொருள் வாங்க ஆர்டர் போடுபவர் பில்லை பாஸ் செய்யக் கூடாது என்று பத்து மார்க்குக்கு எழுதுகிறோம். ஆனால் இன்றைக்கு அந்தப் புத்தகங்கள் எல்லாம் ஃபோல்டராகிவிட்டன. கொள்முதலில் இருந்தவரைக் கணக்குக்கு மாற்றினால் அவருக்குப் புது டிரைவ் உடனே வந்துவிடும், கேட்டு வாங்கிவிடுவார். பழைய டிரைவை யாரும் எடுக்க மாட்டார்கள், ஏனென்றால் "எனக்கு இது இனி வேண்டாம்" என்று யாரும் போன் செய்வதில்லை. மூன்று இடம் மாறியவருக்கு மூன்று இடத்துச் சாவியும் இருக்கும். காகிதத்தில் வேலையைப் பிரித்துவிட்டோம், கம்ப்யூட்டரில் சேர்த்துவிட்டோம். 1975லேயே சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இரண்டு கணினி அறிஞர்கள், ஒருவருக்கு அவர் வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த அனுமதி மட்டும் இருக்க வேண்டும் என்பதை ஒரு கொள்கையாக எழுதி வைத்திருக்கிறார்கள். நம் பெட்டி கேஷ் முறையும் அதைத்தானே சொல்கிறது. செலவுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் கையில்.

வங்கியில் செக்கில் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவர் விலகினால் தாமதிக்காமல் வங்கிக்குக் கடிதம் போகிறது. ஃபோல்டருக்கும் அதே மரியாதை கொடுக்கச் சொல்கிறேன். ஒரே ஒரு தாள் போதும். முதல் பத்தியில் ஃபோல்டரின் பெயர். இரண்டாவதில் எந்தப் பொறுப்பில் இருப்பவருக்கு (ஆளின் பெயர் இல்லை, பொறுப்பின் பெயர்). மூன்றாவதில் பார்க்கவா, மாற்றவா. நான்காவதில் ஏன். கீழே பொறுப்பாளரின் கையெழுத்து. சிஸ்டம் அண்ணன் அந்தத் தாளின்படி குழுக்கள் அமைத்து ஸ்கிரிப்ட் எழுதட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சர்வரில் இருக்கும் பட்டியலையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்க வேண்டும். நமக்குத் தெரியாத வேலையா? பாஸ்புக்கையும் கேஷ் புக்கையும் வைத்து வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போடுகிறோமே, அதே வேலைதான்.

இதற்கு இரண்டு ஆட்சேபம் வரும். ஒன்று, "நாங்க பன்னெண்டு பேரும் ஒரு குடும்பம் மாதிரி, எங்க மேல நம்பிக்கை இல்லையா?" இது சந்தேகம் இல்லை, பாதுகாப்பு என்பது என் பதில். கல்லாச் சாவி ஒருவரிடம் மட்டும் இருந்தால், பணம் குறையும் நாளில் மற்ற பதினோரு பேரும் நிம்மதியாகத் தூங்கலாம். எல்லோரிடமும் இருந்தால் எல்லோரும் கள்ளர்கள். அதனால்தான் எல்லோரும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டில் சர்வருக்குள் போவதையும் நான் எதிர்க்கிறேன். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருள், யார் எதை எப்போது மாற்றினார் என்ற தடத்தைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். எல்லோரும் ஒரே பெயரில் போனால் அந்தத் தடத்தில் "யார்" என்ற இடத்தில் யாருமே இருக்க மாட்டார்கள்.

இரண்டாவது ஆட்சேபம், "இப்பல்லாம் கிளவுட்தான், டிரைவ் எழுத்தெல்லாம் பழைய கதை." எழுத்து பழசாகலாம், கேள்வி பழசாகாது. "லிங்க் இருக்கும் எவரும் திறக்கலாம்" என்று ஒரு ஷீட்டைப் பகிர்கிறோமே, அது என்ன? எல்லோருக்கும் நான்கு டிரைவ் போட்ட அதே கதைதான், அலுவலகச் சுவர் கூட இல்லாமல்.

பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்துச் சான்றிதழ் வாங்கப் போனேன். பிரிண்ட் எடுக்க வேண்டும் என்று அக்கா என்னை என் பழைய இடத்திலேயே உட்காரச் சொன்னார். விளையாட்டாக என் பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டேன். உள்ளே விட்டது. நான்கு டிரைவும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன, பி உட்பட. ஸ்கிரிப்ட் கொஞ்சமும் பிசகாமல் வேலை செய்தது.

இந்த முறை திறக்கவில்லை. லாக் ஆஃப் செய்துவிட்டு நேராக சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "நீ போய் மூணு மாசம் ஆச்சேப்பா" என்றார். அந்தத் தாளை எழுத ஒரு வெள்ளைக் காகிதம் கொடுத்துவிட்டுத்தான் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

நண்பர்களே, நாளைக்குக் காலையில் லாகின் செய்யும்போது வருகிற டிரைவ்களை ஒரு முறை எண்ணிப் பாருங்கள். இது எனக்கு ஏன் வருகிறது என்று ஒவ்வொன்றையும் கேட்டுப் பாருங்கள். பதில் தெரியாத ஒன்றாவது இருந்தால், சிஸ்டம் அண்ணனுக்கு முதல் முறையாக "எனக்கு இது வேண்டாம்ணே" என்று ஒரு போன் போடுங்கள். பாவம், மயங்கி விழுந்தாலும் விழுவார். :-)